பூவுக்கு முன் இலையைப் பாருங்கள்: வசந்தக் காட்டுப்பூக்களை அடையாளம் காணும் வழி

காட்டில் நடந்துவிட்டு வந்தவரிடம் "என்ன பூ பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "சின்னதாக, வெள்ளையாக ஒரு பூ" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்த இரண்டு தகவலை வைத்துக்கொண்டு யாராலும் பெயர் சொல்ல முடியாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஏப்ரல் மாதம் தரையோரமாகப் பூக்கும் செடிகளில் பலவும் சின்னவை. வெள்ளை அல்லது வெளிர் நிறத்தவை. நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே பெயரை நாலைந்து செடிகளுக்கு வைத்துவிடுவோம். இதழ் எத்தனை, இலை எத்தனை, அந்த இலை எங்கிருந்து கிளம்புகிறது என்பவைதான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும். அதிலும் முக்கியம் இலை. பூ பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பூ கண்ணில் பட்டதும் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இலையைத் தேடுங்கள்.

அதற்கு முன், இந்தப் பூக்கள் ஏன் இந்தச் சில வாரங்களில் மட்டும் கூட்டமாக வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது புரிந்துவிட்டால் எங்கே, எப்போது தேடுவது என்பது தானாகவே விளங்கும்.

மேப்பிள், ஓக், பீச் போன்ற மரங்கள் குளிர்காலத்துக்கு முன் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். பனி உருகியபின் அவை மறுபடி துளிர்த்து மேலே மூடிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் காட்டுத் தரைக்கு வெயில் நேராக இறங்குகிறது. கோடையில் அதே தரைக்கு வருவது இதில் மிகச் சிறிய பங்குதான். மண் சூடேறி, ஈரமும் இருந்து, வெளிச்சமும் இருக்கும் இந்தச் சிறு காலத்தை நம்பியே சில செடிகள் வாழ்கின்றன. அவை மண்ணைப் பிளந்து வந்து, பூத்து, காய்த்து, அடுத்த வருடத்துக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவைத்துவிட்டு, மரங்கள் முழுதாக இலை விட்டதும் மறைந்துவிடும். தரைக்கு மேல் அவற்றின் வாழ்வு ஏறக்குறைய இரண்டு மாதம்தான். மீதி நாளெல்லாம் மண்ணுக்குள். ஸ்பிரிங் எஃபெமரல்ஸ் என்று தாவரவியலில் இவற்றைத்தான் சொல்கிறார்கள். ஜூன் கடைசியில் அதே பாதையில் போனால் அங்கே இப்படிச் செடிகள் இருந்ததற்கான தடயமே இருக்காது.

எல்லா வசந்தப் பூக்களும் இந்த ரகம் இல்லை. ஹெபாடிகா, வைல்டு ஜிஞ்சர் போன்றவை பூ முடிந்த பிறகும் கோடை முழுக்க இலையோடு நிற்கும். ஆனால் பூக்கும் காலத்தை எல்லாமே இந்த வெளிச்சத்தை ஒட்டித்தான் வைத்துக்கொள்கின்றன.

இதிலிருந்து சில விஷயங்கள் கிடைக்கின்றன. வருடம் முழுக்க இலையுள்ள பைன், ஹெம்லாக் மரங்களுக்கு அடியில் இந்தப் பூக்களைத் தேடிப் பெரிய பயன் இல்லை. இலையுதிர் மரங்களுக்கு அடியில் தேட வேண்டும். தெற்குப் பார்த்த சரிவில் வெயில் முதலில் விழுவதால் அங்கே முதலில் பூக்கும். வடக்குச் சரிவு பின்னால் வரும். அதனால் தாமதமாகப் புறப்பட்டவர்களுக்கு வடக்குச் சரிவு ஒரு இரண்டாவது வாய்ப்பு. மலைப் பகுதியில் கீழே பூ முடிந்திருந்தால் மேலே ஏறிப் பாருங்கள், அங்கே அப்போதுதான் தொடங்கியிருக்கும். டென்னசி, வட கரோலினா எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் உண்டு. அங்கே அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையிலான உயர வேறுபாடு பெரியது. ஆகவே ஒரே பூவை அடிவாரத்தில் தவறவிட்டாலும் பல வாரங்கள் கழித்து உயரத்தில் பார்த்துவிடலாம்.

சரி, செடிக்கு முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. என்ன பார்ப்பது?

முதலில் இலை தரையிலிருந்து நேராக வருகிறதா, பூத்தண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் இருந்தால் ஒவ்வொன்றாக மாறி மாறி இருக்கிறதா, இரண்டு இரண்டாக எதிரெதிரே இருக்கிறதா, ஒரே இடத்திலிருந்து மூன்று நான்காக வட்டமாக விரிகிறதா? அப்புறம் இலையின் வடிவம்: முழு இலையா, கைவிரல் மாதிரி பிளந்ததா, பல சிற்றிலைகளாகப் பிரிந்ததா? ஓரம் வழவழப்பா, பற்களோடு இருக்கிறதா? இவ்வளவும் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதன்பிறகு பூவுக்கு வரலாம். இதழ்களை எண்ணுங்கள். மூன்று அல்லது ஆறு என்றால் லில்லி, ட்ரில்லியம் சார்ந்த ஒருவித்திலைச் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு இதழ் சிலுவை மாதிரி நின்றால் கடுகுக் குடும்பம் என்று யோசிக்கலாம். ஐந்து என்றால் பல குடும்பங்கள் வரிசையில் நிற்கும். எட்டு, பத்து என்று போனால் தேட வேண்டிய வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். எண்ணும்போது ஒரு பூவோடு நிறுத்தாமல் நாலைந்து பூக்களில் எண்ணுங்கள். ஒரு இதழ் உதிர்ந்த பூ நம்மைத் திசைதிருப்பிவிடும். பூவைச் சற்றே திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். மொட்டாக இருந்தபோது பூவை மூடியிருந்த பச்சைப் புல்லி இதழ்கள் இருக்கின்றனவா, எத்தனை என்பது பல இடங்களில் தீர்ப்பையே மாற்றும்.

இதைச் செய்துபார்க்க அந்த 'சின்ன வெள்ளைப் பூ'வையே எடுத்துக்கொள்வோம்.

ப்ளட்ரூட் ஒரு வெள்ளைப் பூ. பாப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பளீரென்ற வெண்மை, நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள், பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு இதழ்கள். எட்டு இதழ் உள்ள பூவில் நான்கு இதழ் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதால் பூ சிலசமயம் சதுரமாகவே தோன்றும். ஆனால் இந்தச் செடியை உறுதிசெய்வது இலைதான். ஒரு பூவுக்கு ஒரே ஒரு இலை. நீலம் கலந்த சாம்பல் பச்சை, ஓரம் ஆழமாக வளைந்து வளைந்து வெட்டுப்பட்டது. செடி மண்ணைவிட்டு வரும்போது அந்த இலை பூத்தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே வரும். குளிர்ந்த காலையில் பார்த்தால், பாதி விரிந்த இலை தண்டைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே மூடிய மொட்டு நிற்கும். வெயில் ஏறியதும் இதழ்கள் தட்டையாக விரியும். சாயங்காலம் மறுபடி மூடும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. மூன்று நான்கு நாளில் இதழ்கள் கொட்டிவிடும், ஒரு பலத்த மழை வந்தால் இன்னும் சீக்கிரம். இலை மட்டும் அதன்பிறகு உள்ளங்கை அளவுக்கும் மேலே பெரிதாகும். பூ போன பின்னும் இலையை வைத்தே இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். தண்டு உடைந்தால் செம்மஞ்சள் நிறச் சாறு வரும். அது தோலைப் புண்ணாக்கக்கூடியது என்பதால் பார்ப்பதற்காகக்கூட உடைக்க வேண்டாம். இலையே போதுமான சாட்சி.

ஹெபாடிகாவிலும் வெள்ளை உண்டு. இளஞ்சிவப்பும், ஊதாவும், நீலமும் உண்டு, சிலசமயம் ஒரே சரிவில் எல்லா நிறமும் நிற்கும். நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதில் நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் நிறம் பெற்ற புல்லி இதழ்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். அவற்றுக்குக் கீழே மூன்று சிறிய பச்சை இலைகள் புல்லி இதழ் மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு முழுக்க மெல்லிய ரோமம். வெயிலுக்கு எதிராக வைத்துப் பார்த்தால் வெள்ளி ஓரம் போட்டதுபோல் தெரியும். தரையில் தேடினால் போன வருடத்து இலை இருக்கும்: மூன்று கதுப்புகளாக (பகுதிகளாக) பிளந்தது, பனிக்கு அடியில் கிடந்து பழுப்பும் செம்மையும் ஏறியது. புது இலை பூவுக்குப் பிறகுதான் வரும். கதுப்பின் நுனி உருண்டையாக இருந்தால் ஒரு வகை, கூராக இருந்தால் இன்னொரு வகை.

ரூ அனிமோனியும் வெள்ளைதான், ஐந்திலிருந்து பத்து 'இதழ்' வரை வரும். ஆனால் கம்பி மாதிரி மெல்லிய கருந்தண்டு, பூக்களுக்குச் சற்றுக் கீழே வட்டமாகச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன முக்கதுப்புச் சிற்றிலைகள். ரோமம் இல்லை. காற்று லேசாக அடித்தாலே ஆடும்.

ஸ்பிரிங் ப்யூட்டி நான்காவது. ஐந்து இதழ்; ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் அழுத்தமாக இருந்தால் பூ தூரத்தில் இளஞ்சிவப்பாகவும், வெளிறியிருந்தால் வெள்ளையாகவும் தெரியும். பின்பக்கம் இரண்டே புல்லி இதழ்கள். தண்டின் நடுவில் எதிரெதிரே இரண்டு இலைகள், புல் போல் ஒடுங்கியவை. இலை அகலமாக இருந்தால் அது கரோலினா ஸ்பிரிங் ப்யூட்டி. மகரந்தம்கூட இளஞ்சிவப்பு. ஆண்ட்ரீனா எரிஜெனியே என்ற சிறு தேனீ பெரும்பாலும் இந்தச் செடியின் மகரந்தத்தையே தன் குஞ்சுகளுக்குச் சேர்க்கிறது. பூ அருகே கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்தால், பின்கால்களில் இளஞ்சிவப்புத் தூள் அப்பிய தேனீயைப் பார்க்க வாய்ப்புண்டு. மேகம் வந்தால் பூ மூடிக்கொள்ளும். ஆகவே காலை ஏழு மணிக்குப் போய் "ஒன்றுமே பூக்கவில்லை" என்று திரும்பி வராதீர்கள். வெயில் ஏறிய பிறகு போனால் அதே இடம் நிறைய பூ இருக்கும்.

நான்கும் வெள்ளை, நான்கும் ஒரே பாதையில் வரக்கூடியவை. ஒற்றைப் போர்வை இலை, தரையில் பழைய மூன்று கதுப்பு இலை, பூவுக்குக் கீழே வட்டமாகச் சிற்றிலைகள், தண்டில் எதிரெதிராக இரண்டு குறுகிய இலைகள். இலை தெரிந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

வெள்ளையில் நான்கு இதழ் பூவும் ஒன்று உண்டு: டூத்வர்ட், கடுகுக் குடும்பம். தண்டின் நடுவில் மூன்று இலைகள் வட்டமாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒடுங்கிய விரல்களாகப் பிளந்திருக்கும். இதே குடும்பத்தில் இதே நான்கு வெள்ளை இதழோடு ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கார்லிக் மஸ்டர்டும் இந்தக் காடுகளில் நிற்கிறது. அதன் மேல் இலைகள் முக்கோணம், ஓரம் பற்களோடு. கசக்கினால் பூண்டு வாசம். இந்த இரண்டையும் பிரித்தறிவது வெறும் பெயர் விளையாட்டு இல்லை. வெஸ்ட் வர்ஜீனியா ஒயிட் என்ற வண்ணத்துப்பூச்சி டூத்வர்ட்டில் முட்டையிட்டு வாழ்கிறது. அது கார்லிக் மஸ்டர்டையும் தன் செடி என்று எண்ணி அதில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் பிழைப்பதில்லை. பூச்சிக்கே தெரியாத வித்தியாசத்தை நாம் தெரிந்துகொண்டால், காட்டைப் பராமரிப்பவர்கள் எதைப் பிடுங்குகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது விளங்கும்.

மஞ்சளுக்கு வருவோம். ட்ரவுட் லில்லியைத் தேட வேண்டியதே இல்லை, தரையில் கம்பளமாக விரிந்திருக்கும். பச்சை இலையில் பழுப்புத் திட்டுகள் படர்ந்திருப்பதால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆறு மஞ்சள் இதழ்கள், காந்தள் போலப் பின்னோக்கி வளைந்து, பூ தலைகுனிந்து தொங்கும். முன்னால் நின்று பார்த்தால் முழுதாகத் தெரியாது. குனிந்து கீழிருந்து பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இலைகள் இருந்தும் பூ ஒன்றிரண்டுதான் இருக்கிறதே என்று தோன்றினால் இலைகளை எண்ணிப் பாருங்கள். பூ உள்ள செடிக்கு இரண்டு இலை. ஒற்றை இலையோடு நிற்பவை இன்னும் பூக்கும் பருவத்துக்கு வராதவை. விதையிலிருந்து முதல் பூ வர இந்தச் செடிக்குப் பல வருடங்கள் ஆகும், அதுவரை வருடத்துக்கு ஒரு இலைதான். பெரிய கூட்டமாக நிற்கும் ட்ரவுட் லில்லி மிகப் பழைய கூட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சளில் கவனிக்க வேண்டிய இன்னொரு ஜோடி, லெஸ்ஸர் செலண்டைனும் மார்ஷ் மேரிகோல்டும். இரண்டும் பளபளக்கும் மஞ்சள், இரண்டுக்கும் இதய வடிவ இலை, இரண்டும் ஈரமான இடத்தை விரும்புபவை. பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் கேள்வி முடிந்தது. மூன்று பச்சைப் புல்லி இதழ்கள் இருந்து, முன்னால் எட்டையொட்டி ஒடுங்கிய இதழ்கள் இருந்தால் லெஸ்ஸர் செலண்டைன். இது ஐரோப்பாவில் சொந்தச் செடி; வட அமெரிக்காவில் ஆற்றோரக் காடுகளை அடைத்துக்கொண்டு மற்ற வசந்தப் பூக்களை நெருக்கிவிடுவது. பின்னால் பச்சையே இல்லாமல், ஐந்தாறு அகலமான மஞ்சள் இதழ் மட்டும் இருந்தால் மார்ஷ் மேரிகோல்டு. அது அந்த மண்ணுக்கே உரியது.

ட்ரில்லியத்தை எண்ணிக்கை சொல்லிக்கொடுத்துவிடும்: மூன்று இலை, மூன்று புல்லி இதழ், மூன்று இதழ். பெரிய வெள்ளை ட்ரில்லியம் 1937 முதல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பூ. இதழ் ஓரம் லேசாக அலையும். நாள் ஆக ஆக வெள்ளை மாறி இளஞ்சிவப்பாகும். ஆகவே பக்கத்தில் நிற்கும் இளஞ்சிவப்புப் பூ வேறு வகை இல்லை, வயதான பூ. அடர்சிவப்பு ட்ரில்லியம் வேறு. அதை மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய மாமிச வாடை. ஈக்களை அழைப்பதற்கான ஏற்பாடு அது. காம்பே இல்லாமல் திட்டுத்திட்டான இலைகளின் மேலேயே பூ உட்கார்ந்திருந்தால் டோட்ஷேட் வகை. ட்ரில்லியம் விதையிலிருந்து பூக்க ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதன் மூன்று இலையும் பூவுக்கு அடுத்து, ஒரே இடத்தில் இருப்பதால், பூவைப் பறிக்கிறவர் பெரும்பாலும் இலையையும் சேர்த்தே பறித்துவிடுவார். அந்த வருடத்துக்கான உணவைச் செய்ய அதற்கு வேறு இலை கிடையாது. மீண்டு வரப் பல வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். மான்களும் இதை விரும்பித் தின்னும். மான் மிகுந்த காடுகளில் ட்ரில்லியம் குறைந்து, குட்டையாகிப்போவது கண்ணுக்கே தெரியும்.

மூன்று இலை என்றதும் இரண்டு எச்சரிக்கைகள். பாய்சன் ஐவிக்கும் மூன்று சிற்றிலைதான், வசந்தத்தில் துளிர் செம்மையாகப் பளபளக்கும். நடுச் சிற்றிலைக்கு மட்டும் காம்பு நீளம். தண்டு கட்டையாக இருக்கும் அல்லது மரத்தில் கொடியாக ஏறும். தொட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். பூ பார்க்க மண்டியிடும் முன் முட்டி படும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ஆபத்தில்லாத குழப்பம்: ஜாக்-இன்-த-புல்பிட். என்னைக் கேட்டால் இந்தக் காடுகளில் நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டிய செடி இதுதான். பூ இல்லாதபோது இதன் மூன்று சிற்றிலைகளைப் பார்த்துப் பலர் ட்ரில்லியம் என்றே நினைப்பார்கள். ட்ரில்லியத்தின் மூன்று இலையும் சம இடைவெளியில் வட்டத்தைப் பங்கிட்டு நிற்கும். இதில் பக்கச் சிற்றிலைகள் இரண்டும் ஏறக்குறைய நேரெதிராக நீள, நடுவது அவற்றுக்குக் குறுக்கே நிற்கும். சிற்றிலையின் ஓரத்தை ஒட்டி ஒரு நரம்பு விளிம்போடு விளிம்பாக ஓடுவதையும் பாருங்கள்.

இது சேம்பின் குடும்பம். நாம் பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு மடல்: பச்சையும் பழுப்பூதாவும் கோடுகளாக ஓடும் ஒரு குழல், அதன் மேல்பகுதி மடிந்து மூடியாகக் கவிந்திருக்கும். மூடியை விரல் நுனியால் மெதுவாகத் தூக்கினால் உள்ளே ஒரு தண்டு நிற்கும். உண்மையான பூக்கள் அதன் அடியில் சிறு புள்ளிகளாக இருக்கின்றன. வியப்பு இனிமேல்தான். இந்தச் செடி ஆணா பெண்ணா என்பது நிரந்தரம் இல்லை. கிழங்கில் சேமிப்பு குறைவாக இருக்கும் வருடம் ஆண் பூ. சேமிப்பு பெருகி, காய் தாங்கும் பலம் வந்ததும் பெண் பூ. பெண்ணாகிக் காய்த்துக் களைத்தால் அடுத்த வருடம் மறுபடி ஆணாகவும் மாறும், அல்லது பூக்காமலே இலையோடு நிற்கும். பொதுவாக ஒற்றை இலையோடு சிறிதாக இருப்பது ஆண், இரண்டு இலையோடு பெரிதாக இருப்பது பெண்.

மகரந்தத்தைச் சுமப்பவை காளானை நாடும் நுண்ணிய ஈக்கள். குழலுக்குள் இறங்கும் ஈ வழவழப்பான சுவரில் மேலே ஏற முடியாமல் தவிக்கும். ஆண் செடியின் மடலின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. ஈ மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அந்த வழியாக வெளியேறிவிடும். பெண் செடியின் மடலில் அந்தத் துளை இல்லை. வந்த ஈ வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி மகரந்தத்தைத் தேய்த்துவிட்டு, பெரும்பாலும் அங்கேயே சாகும். மடலின் அடிப்பகுதியில் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்தே ஆண், பெண் பிரிக்கலாம். கிழங்கிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.

டச்மன்ஸ் ப்ரீச்சஸின் பூ தலைகீழாக உலர்த்திய கால்சட்டை மாதிரி, வெள்ளையாக வரிசையாகத் தொங்கும்; இலை மிக நுணுக்கமாகப் பிரிந்து நீலப்பச்சையாக இருக்கும். அதன் உறவான ஸ்குவிரல் கார்னுக்கு இலை கிட்டத்தட்ட இதேதான். இந்த ஒரு இடத்தில் இலை கைவிடும், பூதான் வழிகாட்ட வேண்டும். இரண்டு முனைகளும் விலகிக் கூராக நின்றால் முதலாவது. பூ இதய வடிவில் இருந்து நறுமணமும் வந்தால் இரண்டாவது. தேன் அந்த முனைகளின் ஆழத்தில் இருப்பதால் நீண்ட நாக்குள்ள ராணி பம்பிள் தேனீக்களுக்கே முறையாக எட்டும். எட்டாதவை வெளியிலிருந்து ஓட்டை போட்டுத் திருடும். பழைய பூக்களில் அந்த ஓட்டையைத் தேடிப் பாருங்கள்.

மேஆப்பிளில் குடை விரித்தாற்போல் இலை. ஒற்றை இலையுள்ள தண்டில் பூ தேட வேண்டாம். இரண்டு இலையாகக் கவை பிரிந்த தண்டில் மட்டும், அந்தக் கவையில், இலைக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ ஒளிந்திருக்கும். வர்ஜீனியா புளூபெல்ஸ் ஆற்றோரத் தாழ்நிலத்தில், மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்ததும் நீலம். வைல்டு ஜிஞ்சருக்கு ரோமம் படிந்த இரண்டு இதய வடிவ இலைகள். பூ அவற்றின் நடுவே தரையோடு தரையாகப் பழுப்புச் செம்மையில், சருகை விலக்கினால்தான் தெரியும். வயலட்டில் ஐந்து இதழ், கீழ் இதழில் பூச்சிக்கு வழிகாட்டும் கோடுகள். வயலட் வகைகளுக்குள் பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம். தொடக்கத்தில் "வயலட்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவதில் தவறே இல்லை.

ஐரோப்பியக் காடுகளில் பூக்களின் பெயர்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது. பிரிட்டனில் ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத் தரையை நிறைக்கும் புளூபெல்லுக்கும், தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிஷ் புளூபெல்லுக்கும் உள்ள வித்தியாசம் நிறத்தில் இல்லை. முன்னதில் பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கும், மகரந்தம் பாலாடை வெள்ளை, இலை குறுகல். பின்னதில் பூக்கள் எல்லாப் பக்கமும் நிற்கும், மகரந்தம் நீலம், இலை அகலம். இரண்டும் கலந்து பிறந்தவை நடுவில் நிற்கும் என்பதால் ஒரே அடையாளத்தோடு நிறுத்தக் கூடாது.

தின்பதற்காகத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். ராம்ப்ஸ் என்னும் காட்டு வெங்காயத்தின் இலையும், லில்லி ஆஃப் த வேலி, ஃபால்ஸ் ஹெலபோர் ஆகிய நச்சுச் செடிகளின் இலையும் இளமையில் ஒன்றுபோல் இருக்கும். வெங்காய வாசம் ஒரு நல்ல அடையாளம், ஆனால் ஒரு இலையைக் கசக்கிய விரலில் அந்த வாசம் ஒட்டிக்கொண்டால் அடுத்த இலையிலும் அதேதான் வீசும். பூவைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கியிருக்கும் வருடம் எதையும் வாயில் வைக்கும் வருடம் இல்லை.

கைபேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஐநேச்சுரலிஸ்ட், அதன் துணைச் செயலியான சீக், பிளான்ட்நெட் எல்லாம் நன்றாகவே உதவும். பலர் செய்வது பூவை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுப்பது. செயலிக்கும் நமக்கும் பிரச்சினை ஒன்றுதான்: இலை தெரியாவிட்டால் ஊகம்தான் வரும். பூவை முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலை தெளிவாக ஒன்று, முழுச் செடியும் தரையும் சேர்ந்து ஒன்று என்று எடுங்கள். வெள்ளைப் பூ வெயிலில் வெளுத்துவிடும். உங்கள் நிழலை அதன்மேல் விழவைத்து எடுத்தால் இதழின் நரம்புகூட வரும். செயலி தரும் பெயரை முடிவாக எடுக்காமல், அந்தச் செடிக்குச் சொல்லப்பட்ட இலை, இதழ் விவரங்களை முன்னால் நிற்கும் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒப்பீட்டில்தான் கண் பழகுகிறது.

பாதையை விட்டு இறங்காமல் பார்ப்பது முக்கியம். ஒற்றை இலை ட்ரவுட் லில்லியும், இன்னும் சருகுக்கு வெளியே வராத மொட்டும் காலடியில் நசுங்குவது நமக்குத் தெரியவே தெரியாது. ட்ரில்லியம், ப்ளட்ரூட், ஹெபாடிகா, வயலட் உட்படப் பல செடிகளின் விதையில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், அந்தப் பகுதியைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். எறும்பு சுமக்கும் தூரம் பெரும்பாலும் சில மீட்டர்தான் என்பதால் ஒரு சரிவில் அழிந்த கூட்டம் அடுத்த சரிவிலிருந்து திரும்பி வரப் பல தலைமுறை ஆகும். உண்ணிகளும் இதே பருவத்தில் கிளம்பும். நீளக் காற்சட்டையை காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்.

பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். மாசசூசெட்ஸின் கான்கார்டில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் எந்தப் பூ எந்த நாளில் முதலில் பூத்தது என்று வருடாவருடம் குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஊரில் அதே பூக்களைப் பார்த்து ஒப்பிட்டபோது, சராசரியாக ஒரு வாரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பூப்பது தெரிந்தது. மரங்களும் முன்பைவிடச் சீக்கிரம் இலை விடுகின்றன. ஆகவே தரைச் செடிக்குக் கிடைக்கும் வெயில் நாட்கள் கூடுமா குறையுமா என்பது இப்போது முக்கியமான கேள்வியாகியிருக்கிறது. அதனால் உங்கள் குறிப்பில் பூவின் பெயரோடு, மேலே நின்ற மரம் துளிர்த்திருந்ததா என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத செடிக்கு இலையின் கோட்டுப்படம் ஒன்று போதும், பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.